உங்கள் நட்சத்திரத்தைப் பார்த்ததுண்டா?

தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் ஒரு சின்னக் குன்றின் மேல் இருக்கிறது உத்தர சுவாமிமலை. 1973-ல் கும்பாபிஷேகம் நடந்த முருகன் கோயில். ஆட்டோக்காரரிடம் இந்தப் பெயரைச் சொன்னால் விழிப்பார். 'மலை மந்திர்' என்றால்தான் வண்டி நகரும். அங்கே அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் வரும் கேள்விகளுக்குத் தில்லித் தமிழர்கள் தூக்கத்தில்கூடப் பதில் சொல்வார்கள். கோத்திரம்? நட்சத்திரம்? பெயர்?

போன மார்கழியில் எட்டு வயதுப் பேத்தியை அழைத்துப் போயிருந்தேன். நான் வாயைத் திறக்கும் முன்பே, "ரோகிணி நட்சத்திரம், ரிஷப ராசி" என்று கணீரென்று சொல்லிவிட்டாள். பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை படியிறங்கும்வரைதான் நீடித்தது.

"தாத்தா, ரோகிணி எங்கே இருக்கு? காட்டு."

இருட்டியிருந்தது. அண்ணாந்து பார்த்தேன். தில்லியின் குளிர்கால வானம் தெரிந்தது. அதாவது, சோடியம் விளக்கும் புகையும் மூடுபனியும் கலந்த ஒரு பழுப்புப் போர்வை. "இன்னிக்கு மேகமா இருக்கு, நாளைக்குக் காட்டறேன்" என்றேன். மேகம் இல்லை. எனக்குத் தெரியாது என்பதுதான் விஷயம்.

யோசித்துப் பாருங்கள். பிறந்த அன்றே ஒரு நட்சத்திரத்தை நம் பெயரில் எழுதிவைத்துவிடுகிறார்கள். ஜாதகம், பெயர்சூட்டல், கல்யாணப் பொருத்தம், அறுபதாம் கல்யாணம் என்று ஆயுள் முழுக்க அது கூடவே வருகிறது. அதன் முகத்தை மட்டும் பார்த்ததில்லை. சொந்த ஊர் எது என்று கேட்டால் பெயர் சொல்லத் தெரிகிறது. எந்தத் திசையில் இருக்கிறது என்றால் விழிக்கிறோம்.

பேத்திக்கு வாக்குக் கொடுத்துவிட்டதால் நான் படிக்க ஆரம்பித்தேன். தீன்மூர்த்தி வளாகத்தில் 1984 முதல் இருக்கும் நேரு கோளரங்கத்துக்கும் இருவரும் போய்வந்தோம். அங்கே விளக்கை அணைத்ததும், புகையில்லாத வானம் கூரையில் விரிந்தது. "இதெல்லாம் நிஜமாவே நம்ம வீட்டு மேல இருக்கா?" என்றாள். இருக்கிறது. அதுதான் சங்கடம்.

முதல் பாடம், பஞ்சாங்கம் சொல்லும் 'நட்சத்திரம்' ஒற்றை நட்சத்திரம் அல்ல. நிலா வானத்தை ஒருமுறை சுற்றிவர 27 நாளும் சில மணி நேரமும் ஆகிறது. அந்தப் பாதையை 27 சம பங்காக்கி, ஒவ்வொரு பங்குக்கும் அங்கே கண்ணில் படும் ஒரு நட்சத்திரத்தின் அல்லது கொத்தின் பெயரை வைத்தார்கள். ரயில் பாதையில் ஸ்டேஷன்கள் மாதிரி. ஒவ்வொன்றும் பதின்மூன்றே கால் டிகிரிக்குக் கொஞ்சம் அதிகம். கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அது மறைக்கும் வானம் சுமார் பத்து டிகிரி. ஆக, ஒரு நட்சத்திரம் என்பது ஒன்றே கால் பிடிக்குச் சற்று மேற்பட்ட வானம். நீங்கள் பிறந்தபோது நிலா எந்த ஸ்டேஷனில் நின்றதோ, அதுவே உங்கள் ஜன்ம நட்சத்திரம். ஜோதிடம் பலிக்குமா என்ற வழக்கை இங்கே நடத்தப்போவதில்லை. அந்தக் கணக்கின் அடியில் இருப்பது வானத்தைக் கண்ணால் பார்த்து எழுதிய ஒரு வரைபடம் என்பது மட்டும்தான் நமக்கு வேண்டியது.

நம் மாதப் பெயர்களும் அந்த வரைபடத்திலிருந்து வந்தவையே. சித்திரை மாதப் பௌர்ணமி நிலா சித்திரை நட்சத்திரத்தின் அருகில் நிற்கும். வைகாசியில் விசாகம், கார்த்திகையில் கார்த்திகை. தைப்பூசம், மாசிமகம், பங்குனி உத்திரம் எல்லாமே முழுநிலா எந்த நட்சத்திரத்தோடு சேர்ந்து நிற்கிறது என்ற செய்திகள். நாம் செய்தியை விட்டுவிட்டுப் பண்டிகையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது பாடம்தான் என்னை உலுக்கியது. ஒரு நட்சத்திர மண்டலத்தில் இருக்கும் நட்சத்திரங்களுக்குள் பெரும்பாலும் எந்த உறவும் கிடையாது.

குளிர்கால இரவில் தெற்குப் பார்த்து நின்றால், தில்லிப் புகையையும் மீறித் தெரியும் ஒரு வடிவம் உண்டு. மூன்று நட்சத்திரங்கள் ஒரே வரிசையில், அதைச் சுற்றி நான்கு மூலையில் நான்கு. கிரேக்கர்கள் அதை ஓரியன் என்ற வேட்டைக்காரனாகப் பார்த்தார்கள். நடுவில் உள்ள மூன்றும் அவன் இடுப்புப் பட்டை. இடப்பக்கத் தோளில் சிவப்பாக இருப்பது நம் திருவாதிரை. விஞ்ஞானிகள் அழைக்கும் பெயர் பெட்டல்ஜூஸ். தலையில் மங்கலாக இருக்கும் மூன்று புள்ளிகள் நம் மிருகசீரிடம், அதாவது மான் தலை. அவர்கள் வேட்டைக்காரனின் தலை என்ற இடத்தில் நாம் மானின் தலையைப் பார்த்தோம். புள்ளி ஒன்றுதான், கோலம் வேறு.

வலது தோளில் இருக்கும் பெலாட்ரிக்ஸ் நம்மிடமிருந்து சுமார் 250 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. ஒளி ஓர் ஆண்டில் ஓடும் தூரம் ஏறக்குறைய ஒன்பதரை லட்சம் கோடி கிலோமீட்டர். அதைப் போல 250 மடங்கு. பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும் திருவாதிரை 500 முதல் 700 ஒளியாண்டு. காலடியில் இருக்கும் ரைஜல் சுமார் 860. நடுப்பட்டையின் மத்தியில் இருப்பது ஆயிரத்தையும் தாண்டி. இவர்கள் ஒரே வீட்டில் இல்லை, ஒரே தெருவிலும் இல்லை. நாம் நிற்கும் இடத்திலிருந்து பார்க்கும்போது ஒரே ஜன்னலில் தெரிகிறார்கள், அவ்வளவுதான். வேறெங்காவது தொலைதூரக் கிரகத்தில் நின்று பார்ப்பவனுக்கு வேட்டைக்காரனும் இல்லை, மானும் இல்லை.

தில்லிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். லோதி தோட்டத்துப் பக்கம் பஸ்ஸில் போகும்போது 1444-ல் எழுந்த முகம்மது ஷா சையது கல்லறை, 1517-ல் எழுந்த சிக்கந்தர் லோதி கல்லறை, சற்றுத் தள்ளி 1754-ன் சஃப்தர்ஜங் கல்லறை என்று வரிசையாக வரும். புதிதாக வந்தவர், "எல்லாம் முகலாயர் கட்டினது" என்று ஒரே மூச்சில் முடித்துவிடுவார். நடுவில் முந்நூறு ஆண்டும் மூன்று ராஜ வம்சமும் இருப்பது தெரியாது. வானமும் அப்படித்தான். ரைஜலிலிருந்து இன்று வந்து சேரும் ஒளி புறப்பட்டபோது குதுப்மினாருக்கு அஸ்திவாரம் போடவில்லை. திருவாதிரையின் ஒளி துக்ளக் காலத்துக்கும் லோதி காலத்துக்கும் இடையில் எப்போதோ கிளம்பியது. பெலாட்ரிக்ஸின் ஒளி, முகலாய ஆட்சி தேய்ந்து ஓய்ந்துகொண்டிருந்தபோது. மூன்றும் இன்று ராத்திரி ஒன்றாக வந்து ஒரே சித்திரமாக நிற்கின்றன.

அப்படியானால் எல்லாம் கண்கட்டு வித்தைதானா? இல்லை. அங்கேதான் சுவாரஸ்யம். சில உறவுகள் நிஜம்.

சப்தரிஷி மண்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எழுமீன் என்பது பழந்தமிழ்ப் பெயர். ஏழு பேரில் நடுவில் உள்ள ஐவர் நிஜமாகவே ஒரு குடும்பம். ஒரே மேகத்தில் பிறந்தவர்கள், சுமார் 80 ஒளியாண்டு தூரத்தில், ஒரே திசையில் சேர்ந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். இரு கோடியிலும் இருக்கும் கிரதுவும் மரீசியும் வெளியாட்கள். தூரமும் அதிகம், போகும் திசையும் வேறு. இன்னும் ஒரு லட்சம் ஆண்டில் இந்த உருவம் அடையாளம் தெரியாமல் மாறிவிடும்.

அந்த ஐவரில் ஒருவர் வசிஷ்டர். பக்கத்தில் மங்கலாக அருந்ததி. வடமீன் என்று பழைய நூல்களில் வருவது இவள்தான். தில்லியில் தமிழ்க் கல்யாணம் என்றால் காலை முகூர்த்தம், ஷாமியானா பந்தல். சாஸ்திரிகள் கையைத் தூக்கி "அருந்ததி பார்த்தேளா?" என்பார். மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்துத் தலையாட்டுவார். அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ராத்திரியில் பார்த்தால்கூட இந்த ஊரில் அருந்ததி சுலபத்தில் அகப்பட மாட்டாள். தொலைநோக்கி வந்த பிறகுதான் வசிஷ்டரே இரட்டை என்று தெரிந்தது. அந்த இரண்டும் தனித்தனியே இரட்டை என்று பிறகு தெரிந்தது. அருந்ததிக்கும் ஒரு மங்கலான துணை இருப்பதை 2009-ல் கண்டுபிடித்தார்கள். இருவர் என்று நினைத்த இடத்தில் ஆறு பேர் கூட்டுக் குடித்தனம்.

கார்த்திகையோ அசல் கூட்டுக் குடும்பம். நம் கண்ணுக்கு ஆறு பேர். அதனால் அறுமீன், அதனால்தான் ஆறு கார்த்திகைப் பெண்கள். தொலைநோக்கியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். சுமார் 440 ஒளியாண்டு தூரத்தில், எல்லோரும் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள். வயது ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டு. பூமியில் டைனோசர்கள் உலவிய காலத்தில் பிறந்த குழந்தைகள். இதை மண்டலம் என்பதைவிடக் கொத்து என்பதே சரி. மண்டலம் நம் கண் போட்ட கோலம். கொத்து இயற்கை கட்டிய குடும்பம்.

அப்புறம், நான் தேடிய ரோகிணி. கார்த்திகைக்குப் பக்கத்தில் 'வி' வடிவத்தில் ஒரு கொத்து இருக்கிறது. அது சுமார் 150 ஒளியாண்டு தூரத்தில் உள்ள நிஜக் குடும்பம். அதன் ஒரு நுனியில், குடும்பத் தலைவி மாதிரி செம்மஞ்சளாகப் பிரகாசிப்பவள் ரோகிணி. ஆனால் அவள் அந்தக் குடும்பமே இல்லை. 65 ஒளியாண்டில், பாதித் தூரத்துக்கும் முன்னால், தனியாக நிற்கும் ஒரு பெரிய நட்சத்திரம். குழு போட்டோ எடுக்கும்போது வழியே போனவர் முன்னால் வந்து நின்ற மாதிரி. பேத்தியிடம் சொன்னபோது அவள் கவலைப்படவில்லை. "பரவாயில்லை, பக்கத்துலதானே தெரியறா" என்றாள்.

உறவில்லாதவர்களை ஒரு மண்டலம் என்று சொல்வதில் அப்படியென்றால் என்ன பயன்? விலாசம். அதுதான் பயன். கிரேக்க நூலாசிரியர் டாலமி 48 மண்டலங்களை எழுதிவைத்தார். தென்கோடி வானம் அவருக்குத் தெரியாது. அதைப் பிற்காலத்தவர் நிரப்பினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் நன்னம்பிக்கை முனைக்குப் போன பிரெஞ்சுக்காரர் லக்காய், தொலைநோக்கி, நுண்ணோக்கி, உலைக்களம் என்று கருவிகளின் பெயரை வைத்துவிட்டு வந்தார். ஆளுக்கு ஆள் புதுப் பெயர் சேர்க்க, எல்லைத் தகராறு வந்தது. சர்வதேச வானியல் ஒன்றியம் 1922-ல் பட்டியலை 88-ஆக உறுதி செய்தது. பெல்ஜியத்துக்காரர் டெல்போர்ட் வரைந்த எல்லைக் கோடுகள் 1930-ல் வெளியாயின. 1956-ல் நம் மாநிலங்களைப் பிரித்த மாதிரி வானத்தைப் பிரித்துவிட்டார்கள். அன்று முதல் எந்த நட்சத்திரமும் ஏதோ ஒரு மண்டலத்தின் பிரஜைதான். இரண்டு மண்டலத்துக்கும் பொதுவாக இருந்த நட்சத்திரங்கள்கூட ஒரு பக்கம் சேர வேண்டியதாயிற்று.

இந்த ஒன்றியத்துக்கும் நமக்கும் நெருக்கம் உண்டு. ஜவ்வாது மலையில் காவலூர் ஆய்வகத்தை நிறுவிய வைணு பாப்பு 1979 முதல் 1982-ல் இறக்கும்வரை அதன் தலைவராக இருந்தார். 1985-ல் அதன் பொதுச் சபை கூடியது இதே புதுதில்லியில்தான்.

எல்லை போட்டதில் ஒரு வேடிக்கை நேர்ந்தது. பஞ்சாங்கப்படி கார்த்திகை மாதம் முழுவதும் சூரியன் விருச்சிக ராசியில் இருக்கிறது. 1930-ன் எல்லைப்படி விருச்சிக மண்டலத்தில் அது தங்குவது சுமார் ஒரு வாரம். பிறகு பாம்பைப் பிடித்து நிற்கும் ஒஃபியூக்கஸ் என்ற மண்டலத்தில் பதினெட்டு நாள். கன்னி மண்டலத்தைக் கடக்கவோ ஒன்றரை மாதம். இதைப் பார்த்துப் பத்திரிகைகள் அவ்வப்போது 'பதின்மூன்றாவது ராசி' என்று தலைப்புப் போடும். பதற வேண்டாம். ராசி என்பது முப்பது முப்பது டிகிரியாக வெட்டிய அளவுகோல். மண்டலம் என்பது வளைந்தும் நெளிந்தும் போகும் எல்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது.

அளவுகோலை எங்கிருந்து ஆரம்பிப்பது என்பதில்தான் பெரிய சண்டை. அந்தச் சண்டைக்கும் தில்லிக்கும் சம்பந்தம் உண்டு.

பேத்தியை ஒரு பகலில் ஜந்தர் மந்தருக்கு அழைத்துப் போனேன். தில்லியில் ஜந்தர் மந்தர் என்றால் ஆர்ப்பாட்டம் என்றுதான் அர்த்தம். உள்ளே இருப்பது 1724-ல் ராஜா ஜெய்சிங், பாதுஷா முகம்மது ஷா காலத்தில் கட்டிய வானாய்வகம். சாம்ராட் யந்திரத்தின் சரிவு ஏறக்குறைய இருபத்தெட்டரை டிகிரி. அது தில்லியின் அட்சரேகை. அந்தச் சரிவு நேராகக் கைகாட்டுவது துருவ நட்சத்திரம் இருக்கும் இடத்தை. ஜெய்சிங்கின் பட்டியலில் 1,018 நட்சத்திரங்கள். பெரும்பாலும் மூன்று நூற்றாண்டுக்கு முன்னால் சமர்க்கந்தில் உலுக் பேக் எழுதிவைத்த இடங்களோடு நாலு டிகிரிக்குச் சற்று அதிகமாகக் கூட்டியவை.

ஏன் கூட்ட வேண்டும்? பூமி, ஓயப்போகும் பம்பரம் போல மெல்லத் தலையாட்டுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டு. அதனால் 72 ஆண்டுக்கு ஒரு டிகிரி வீதம், பருவங்களின் கணக்கும் நட்சத்திரங்களின் கணக்கும் விலகிக்கொண்டே போகின்றன. எவ்வளவு விலகியிருக்கிறது என்பதில் பஞ்சாங்கக்காரர்களுக்குள் ஒற்றுமை கிடையாது. சுதந்திரம் வந்தபோது நாட்டில் சுமார் முப்பது விதமான நாட்காட்டிகள் புழங்கின. 1952-ல் தில்லியில் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு குழு அமைத்தது. தலைவர், நட்சத்திர ஒளியைப் படிக்க உலகுக்கே வழிகாட்டிய மேகநாத் சாஹா. செயலாளர், பஞ்சாங்க நிபுணர் என்.சி. லாஹிரி. அவர்கள் வானத்தில் ஒரு முளைக்குச்சி அடித்தார்கள். சித்திரை நட்சத்திரம் நிற்கும் இடத்துக்கு நேர் எதிர்ப்புறமே மேஷத்தின் ஆரம்பம். 1956 மார்ச் 21 அன்று விலகல் 23 டிகிரி 15 நிமிடம் என்று முடிவானது. இன்று அது 24 டிகிரியைத் தாண்டிவிட்டது. சூரியன் மார்ச் 21 வாக்கில் பூமத்திய ரேகையைக் கடந்தும் நாம் ஏப்ரல் 14 வரை வருஷப் பிறப்புக்குக் காத்திருப்பது இதனால்தான்.

அதாவது, இந்திய அரசின் பஞ்சாங்கமே ஒரு நிஜ நட்சத்திரத்தை நம்பி நிற்கிறது. அந்தச் சித்திரையையும் நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

வடக்கே வந்து குடியேறிய தமிழனுக்கு வானம் தனியாக ஒரு கதை சொல்கிறது. சென்னையில் துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து 13 டிகிரி உயரத்தில் இருக்கும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறி இரண்டு ராத்திரி கழித்துத் தில்லியில் இறங்கினால் 28 டிகிரிக்கு மேல் உயர்ந்துவிடும். அந்த அளவுக்குத் தெற்கு வானம் கீழே இறங்கிவிடும். வானத்தில் இரண்டாவது பிரகாசமான நட்சத்திரம் அகத்தியர். சென்னையில் அவர் 24 டிகிரி உயரம் வரை ஏறிக் கம்பீரமாக நிற்பார். தில்லியில் ஒன்பது டிகிரிகூடத் தேறாது. பிப்ரவரி மத்தியில் இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே கட்டிடமும் மரமும் மறைக்காத மொட்டைமாடி கிடைத்தால், தொடுவானத்தை ஒட்டி ஒரு பிடிக்கும் குறைவான உயரத்தில் அவரைப் பார்க்கலாம். தெற்கே போன முனிவர் தெற்கத்தியாருக்கே நன்றாகத் தெரிகிறார். முப்பது ஆண்டாகத் தில்லியில் இருந்தும் நான் அவரை இன்னும் பார்க்கவில்லை.

காரணம் புகை மட்டுமல்ல. நாம் மேல்நோக்கி வீணாக்கும் விளக்கொளியைக் காற்றிலுள்ள தூசும் புகையும் வாங்கித் திரும்ப நம் கண்ணிலேயே வீசுகின்றன. உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குப் பால்வீதி தெரிவதில்லை என்று 2016-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. 2020-ல் ஊரடங்கு வந்தபோது தில்லி வானம் கழுவிவிட்ட மாதிரி ஆனது நினைவிருக்கும். அதே ஆண்டு பிப்ரவரியில் திருவாதிரை திடீரென்று பாதிக்கும் கீழே மங்கி, வெடிக்கப்போகிறதோ என்று உலகமே பரபரத்தது. அது கக்கிய தூசு அதையே மறைத்தது என்று பிறகு தெரிந்தது. திருவாதிரைக்காரர்கள் எத்தனை பேர் அன்று மாடிக்குப் போய்ப் பார்த்திருப்பார்கள்? 2022-ல் லடாக்கின் ஹன்லே பகுதியை இருள் வானக் காப்பகமாக அறிவித்தார்கள். புலிக்குச் சரணாலயம் வைத்த மாதிரி இருட்டுக்கும் வைக்க வேண்டிய காலம்.

எல்லோராலும் லடாக் போக முடியாது. ஆனால் மொட்டைமாடிக்குப் போகலாம். வழிகாட்டி சமையலறைச் சுவரிலேயே தொங்குகிறது.

இது எனக்குத் தோன்றியது மாசி மாதத்தில். தினசரி காலண்டரில் தாளைக் கிழித்தபோது 'ரோகிணி' என்று இருந்தது. அறுபது ஆண்டாகக் கிழித்துக்கொண்டிருக்கும் தாள். அன்றைக்குத்தான் அதைச் செய்தியாகப் படித்தேன். இன்று ரோகிணி என்றால், இன்று நிலா ரோகிணியில் இருக்கிறது. நிலா இருக்குமிடம் தெரிந்தால் ரோகிணி இருக்குமிடமும் தெரிந்துபோகும்!

முந்தின நாள் மழை பெய்து வானம் கொஞ்சம் தெளிந்திருந்தது. ஏழு மணிக்குப் பேத்தியோடு மாடிக்குப் போனேன். அரை நிலாவுக்குச் சற்று அதிகமான நிலா, ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே. கையை நீட்டி, முஷ்டியை மடக்கி, நிலாவைச் சுற்றி ஒரு பிடி தூரத்துக்குள் தேடினோம். அவள்தான் முதலில் கண்டாள். செம்மஞ்சளாக, மினுக்காமல், நிதானமாக ஒரு புள்ளி. சரிபார்க்க வேட்டைக்காரனின் இடுப்புப் பட்டையிலிருந்து வலப்பக்கம் மேல்நோக்கிக் கோடு இழுத்தேன். கோடு நேரே அங்கேதான் போனது.

"இவ்ளோதானா?" என்றாள் முதலில். பிறகு வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

நீங்களும் செய்து பார்க்கலாம். கார்த்திகை, ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை ஆகியவை நிலாவின் பாதையை ஒட்டியே இருப்பதால் சுலபம். காலண்டரில் உங்கள் நட்சத்திரம் வரும் நாளில், நிலா மாலையில் தெரியும் காலமாகப் பார்த்து வெளியே வாருங்கள். கார்த்திகைக்கும் ரோகிணிக்கும் குளிர்காலம், மகத்துக்குப் பங்குனி, சித்திரைக்குக் கோடை ஆரம்பம், கேட்டைக்கு ஆனி, ஆடி. திருவாதிரையும் சுவாதியும் திருவோணமும் நிலாவிலிருந்து சற்று விலகி இருக்கும். ஆனால் பிரகாசத்தால் தாமே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு கணக்கும் உண்டு. திருவோணத்தின் ஒளி நம்மிடம் வர 17 ஆண்டு. புனர்பூசத்துக்கு 34. சுவாதிக்கு 37. மகத்துக்கு 79. திருவோணத்தில் பிறந்த குழந்தையின் பதினேழாவது பிறந்தநாளில் அது பார்க்கும் ஒளி, அது பிறந்தபோது புறப்பட்டது. மகத்துக்காரர் அதற்குச் சதாபிஷேகம் நெருங்கும்வரை காத்திருக்க வேண்டும்.

ரோகிணிக்கு 65. எனக்குப் போன ஐப்பசியில் அறுபத்தைந்து முடிந்தது. அந்த மாடியில் என் பேத்தி பார்த்துக்கொண்டிருந்தது, நான் பிறந்த சமயத்தில் கிளம்பிய ஒளி. அவள் பிறந்தபோது கிளம்பிய ஒளி எட்டு வருஷத் தூரம் வந்திருக்கிறது. அவளுக்கு அறுபத்தைந்து ஆகும்போது வந்து சேரும். அதைப் பார்க்க நான் இருக்கமாட்டேன். எங்கே பார்க்க வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த முறை மலை மந்திரில் குருக்கள் நட்சத்திரம் கேட்டபோது அவள் வழக்கம்போல "ரோகிணி" என்றாள். கூடவே, "நான் பார்த்திருக்கேன்" என்றாள்.